வெல்டருக்கு ஒரு சீட்

எங்கள் கட்டடத்தில் யார் வீட்டில் எந்த நேரத்துக்கு என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொள்ள நான் ஒன்றும் பாடுபடுவதில்லை. பால்கனி அப்படிப்பட்ட இடத்தில் அமைந்துவிட்டது. இதை ஒரு வியாதி மாதிரி நாலு பேரிடம் சொல்லிச் சிரிப்பது என் வீட்டுக்காரருக்கு வழக்கமாக இருந்தது. இப்போது சொல்வதில்லை. கேக் அக்கா வீட்டு விஷயத்துக்குப் பிறகு அவர் வாய் அடைபட்டுவிட்டது.

கேக் அக்கா எங்களுக்கு எதிர்ப் பகுதியில், ஒரு மாடி கீழே இருக்கிறாள். தெருமுனை பேக்கரியில் கேக்கின் மேல் பெயர் எழுதுவது அவள் வேலை. வயதில் என்னைவிட ரொம்பச் சின்னவள். ஆனால் பேக்கரிக்கு வருகிற பிள்ளைகள் அக்கா என்று கூப்பிட, கூட வந்த அம்மாக்களும் அக்கா என்று கூப்பிட, கடைசியில் நானும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டேன். அவளுக்குக் காது கேட்காது. அவள் கணவனுக்கும் கேட்காது. அவன் வெல்டர். மகளுக்கு இரண்டு வயது தாண்டியிருக்கிறது. அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும். வாயில் கொஞ்சம் பேச்சு, கையில் நிறையப் பேச்சு.

அவர்கள் கைமொழியில் ஆளுக்கு ஆள் தனிப் பெயர் உண்டு. எழுத்துக் கூட்டிச் சொல்வதெல்லாம் இல்லை, ஆளைப் பார்த்து ஓர் அடையாளம், அவ்வளவுதான். வெல்டரின் பெயர், நெற்றியிலிருந்து தாடைவரை உள்ளங்கையை இறக்குவது, முகமூடி போடுகிறானல்லவா. என் மருமகளின் பெயர், இரண்டு விரலால் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிடுவது. எனக்கென்ன பெயர் என்று ஒருநாள் கேட்டேன். கேக் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, குழந்தையின் மூக்கைத் துடைக்கப் போய்விட்டாள். கேக் அக்காவிடம் கொஞ்சம் கைமொழி கற்றுக்கொண்ட மருமகளுக்குத் தெரியும். அவளும் சொல்லவில்லை. நமக்குத் தெரியாமல் நமக்கு ஒரு பெயர் ஓடிக்கொண்டிருப்பது எவ்வளவு அரிப்பான விஷயம் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

வெல்டருக்கு வெளிநாட்டில் ஒரு கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் வேலை கிடைத்தது. லேசில் கிடைத்த வேலையில்லை. அபாயமணி அடித்தால் கேட்காதே என்று இங்கே எத்தனையோ பட்டறைகளில் அவனைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அங்கே மட்டும்தான், அவன் நிற்கிற மூலையில் மணிக்குப் பதிலாக ஒரு சுழல்விளக்கை மாட்டிக் கொடுத்தார்கள். அந்த விளக்கைப் போட்டோ எடுத்து அனுப்பினான். கேக் அக்கா அதை ஏதோ குடும்பப் படம்போல எல்லாருக்கும் காட்டினாள்.

சிக்கல், தங்குமிடத்தில். அங்கே போன் சிக்னல் வராது; விடுதி வைஃபைதான் கதி. எல்லாரும் படம் பார்த்தே நெட்டைத் தீர்த்துவிடுகிறார்கள் என்று வீடியோவை அடைத்து வைத்திருந்தார்கள். எழுத்துப் போகும், போட்டோ போகும், வீடியோ கால் மட்டும் போகாது. எழுதிக்கொள்ள வேண்டியதுதானே என்று நான் கேட்டுவிட்டேன். மருமகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

"அவங்களுக்குக் கைதான் அத்தை பேச்சு. எழுத்து அப்புறம் கத்துக்கிட்டது. மாமாகூட போடுற சண்டைய எல்லாம் லெட்டர்ல போடுங்கன்னா போடுவீங்களா?"

போடமாட்டேன். ஒத்துக்கொண்டேன். குழந்தைக்கு எழுதினாலும் படிக்கத் தெரியாது. அப்பாவின் போட்டோவைக் காட்டினால் இரண்டு தடவை பார்த்தது. மூன்றாவது தடவை முகத்தைத் திருப்பிக்கொண்டது. போட்டோவில் கை அசையாதே. கேக் அக்கா அன்றைக்கு ஒரு கேக்கில் வாழ்த்தைத் தலைகீழாக எழுதிவிட்டாளாம், பேக்கரியில் பேசிக்கொண்டார்கள்.

வி.பி.என் என்ற பெயரை எங்கள் கட்டடத்துக்குள் கொண்டுவந்தவர் கீழே இருக்கும் மருந்துக்கடைக்காரர். இருமலுக்கு மருந்து கேட்டால்கூட இரண்டு உலக விஷயம் சேர்த்துக் கொடுப்பார். நெட்டுக்குள்ளேயே ஒரு சுரங்கம் போட்டு, அடைத்திருக்கிற இடத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய் எழும்பிவிடலாம் என்றார். சும்மாவே கிடைக்கிறதாம். உடனே உட்கார்ந்து கேக் அக்காவின் டேப்லெட்டில் போட்டார், பழைய போனில் போட்டார், போதாதென்று அவள் டிவியிலும் போட்டார். எல்லாவற்றிலும் பச்சை விளக்கு எரிந்தது. வெல்டரின் முகம் மட்டும் வரவில்லை. இதையெல்லாம் வேடிக்கை பார்த்துவிட்டு வந்து வீட்டில் சொன்னேன். மருமகள் லேப்டாப்பிலிருந்து தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"பூட்டு அவர் ரூம்ல தொங்குது. நீங்க எல்லாரும் சாவிய இந்த வீட்டுக் கதவுல போட்டுத் திருகிட்டு இருக்கீங்களா?"

அவள் வேலையே இந்த மாதிரிதான். கம்பெனிக்குள் நுழைய அவள் தினமும் ஏதோ சுரங்கம் வழியாகத்தான் போகிறாளாம். இத்தனை நாள் நான் அவள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, வெல்டரின் போனில் அதே சும்மா கிடைக்கிற சரக்கைப் போட்டுப் பார்த்தார்கள். முகம் வந்தது. கூடவே சூதாட்ட விளம்பரமும் வந்தது. அதைவிடக் கொடுமை, படம் விட்டு விட்டு வந்தது. நமக்கு அது பெரிதில்லை. படம் நின்றாலும் குரல் வந்துகொண்டிருக்கும், ஹலோ ஹலோ என்று சமாளிப்போம். அவர்களுக்குப் படம் நின்றால் பேச்சே நின்றது. பாதி வாக்கியத்தில் அவன் கை அந்தரத்தில் நிற்கும். அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு இருப்பாள். அது திரும்ப அசையும்போது வேறு எதையோ சொல்லிக்கொண்டிருக்கும்.

அதைப் பார்த்த பிறகுதான் மருமகள் களத்தில் இறங்கினாள். காசுக்கு விற்கிற வி.பி.என் கம்பெனிகளை அலசிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சாப்பாட்டு மேஜையை அடைத்துக்கொண்டாள். கல்யாணத்துக்குப் பையன் பார்த்தபோதுகூட அவ்வளவு விசாரித்திருக்க மாட்டாள். விசாரித்திருந்தால் என் மகனைக் கட்டியிருக்க மாட்டாள். யார் யாரெல்லாம் நாம் போகிற இடத்தைக் குறித்து வைக்கிறார்கள், யார் வைப்பதில்லை. பிடிக்காவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவார்களா. முக்கியமாக, வெல்டர் இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் அவர்களுக்கு சர்வர் இருக்கிறதா. சுற்றுவழி நீளமானால் கை தடுக்கும். இரண்டை வாங்கி, அவனோடு பேசிப் பார்த்து, கை நிற்கிறது என்று திருப்பிக் கொடுத்தாள். மூன்றாவது நின்றது, அதாவது கை நிற்கவில்லை. எப்படிப் போடுவது என்று கேக் அக்காவே படம் படமாக வரைந்து அனுப்பினாள்; கேக்கில் ரோஜா போடுகிற கைக்கு அம்புக்குறி எம்மாத்திரம்.

வெல்டர் இதற்கு முன்னால் ஒரு காரியம் செய்திருந்தான். விடுதிப் பொறுப்பாளரிடம் போய் நேராகக் கேட்டான். வீட்டோடு பேச மட்டும்தான் என்றால் போட்டுக்கொள், பேசி முடித்ததும் வெளியே வந்துவிடு என்றாராம் அவர். அவன் சொன்ன சொல் தப்பாதவன். தினமும் பேசி முடித்ததும் கணக்கைவிட்டு முழுசாக வெளியேறிவிடுவான். மறுநாள் மறுபடி பாஸ்வேர்ட் போட்டு நுழைவான். அந்த ஒழுங்கே அவனைக் கவிழ்க்கப் போகிறது என்று யாருக்குத் தெரியும்.

அப்புறம் சாயங்காலங்களில் எனக்கு ஒரு நல்ல காட்சி. கேக் அக்காவின் ஜன்னலில் டேப்லெட்டின் வெளிச்சம் விழும். திரைச்சீலையில் அவள் கைகளின் நிழல் ஆடும், குழந்தையின் சின்ன நிழலும் ஆடும். என்ன பேசுகிறார்கள் என்று புரியாது. புரியாத பேச்சை நான் அவ்வளவு நேரம் ரசித்தது அதுதான் முதல் தடவை.

ஒரு கணக்கில் ஐந்து கருவிகள்வரை போட்டுக்கொள்ளலாம் என்று அந்தக் கம்பெனியின் விதி. வெல்டரின் போன் ஒன்று. மருமகள் தன் சொந்த லேப்டாப்பில் ஒன்றும் போனில் ஒன்றும் போட்டுக்கொண்டாள். மாமனார் முகம் வாடக்கூடாதென்று எங்கள் டிவியிலும் போட்டுக் கொடுத்தாள். வெளிநாட்டில் மட்டும் காட்டுகிற டென்னிஸ் ஆட்டங்கள் அவருக்கு அதில் வந்தன. குடித்த காப்பி டம்ளரைக்கூட எடுத்து வைக்காத மனிதர், அன்றிலிருந்து ரிமோட்டுக்குத் தினமும் துணி போட்டுத் துடைத்தார்.

பிறகு ஒரு வாரம் கேக் அக்காவின் ஜன்னலில் நிழல் ஆடவில்லை.

முதல் நாள், வேலை இருந்திருக்கும் என்று நினைத்தேன். இரண்டாம் நாள், குழந்தை தூங்கிவிட்டிருக்கும். அதற்கப்புறமும் இருட்டாகவே இருந்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. புதன்கிழமை சாயங்காலம் இறங்கிப் போய் அவள் வீட்டு மணியை அழுத்தினேன். அவள் வீட்டில் மணி அடிக்காது, உள்ளே விளக்கு மின்னும். கதவைத் திறந்தவளின் கண் சிவந்திருந்தது. போனை என் கையில் கொடுத்தாள். வெல்டர் எழுதியிருந்தான்: ஒரு வாரமாகக் கதவு திறக்கவில்லை. மேற்பார்வையாளர் வீட்டுக்குப் போவதற்குள் பதில் கேட்கிறார், அடுத்த ஒப்பந்தத்துக்கு இருக்கிறாயா, போகிறாயா என்று. குழந்தை என்னை மறக்கும். போகிறேன் என்று சொல்லப்போகிறேன்.

அதன் கீழே அவன் திரையின் போட்டோ ஒன்று. அனுமதித்த அளவைவிட அதிகக் கருவிகள் என்று அதில் இருந்தது.

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கையை ஆட்டி ஆட்டிக் கேட்டேன். விடுதிக்காரர்கள்தான் மூடிவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறாள். இந்தப் போட்டோவே இன்றைக்குத்தான் வந்ததாம். தவிர, எவ்வளவோ செய்துவிட்டீர்கள், திரும்பத் திரும்பக் கேட்கக் கூச்சமாக இருந்தது என்று போனில் எழுதிக் காட்டினாள். அவன் திரும்பி வந்தால் அந்தச் சுழல்விளக்கு மூலை வேறு ஆளுக்குப் போய்விடும். இன்னொன்று எங்கே கிடைக்கும்? அவள் எழுதவில்லை. சுவரில் ஒட்டியிருந்த அந்த விளக்குப் படத்தைப் பார்த்தாள்.

மருமகளுக்குப் போன் செய்தேன். அடித்தது, எடுக்கவில்லை. அவள் பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு கிடக்கிற நேரம் அது. போன் பையில், பை மூலையில்.

சரி, ஐந்து பேருக்கு மேல் ஏறியிருக்கிறார்கள் என்றால் யாரையாவது இறக்கினால் தீர்ந்தது என்று எனக்குப் பட்டது. யார் ஏறியிருக்கிறார்கள் என்பதை என்னிடமா கேட்க வேண்டும்?

முதலில் எங்கள் வீடு. டென்னிஸ் உச்சத்தில் இருந்தது. நான் பிளக்கைப் பிடுங்கினேன். என் வீட்டுக்காரர் ஆட்டத்தில் தோற்றவர்போலவே எழுந்து நின்றார். பாஸ்வேர்டை யாருக்குக் கொடுத்தீர்கள் என்றேன். யாருக்கும் இல்லை என்றார். இத்தனை வருஷத்தில் அவர் பொய் சொல்லும்போது காதை எப்படித் தடவுவார் என்று எனக்குத் தெரியாதா.

"மருந்துக்கடைக்காரர் கேட்டாரு. நல்ல மனுஷன். மாத்திரை மாத்தி எடுத்துட்டா எனக்கு ஞாபகப்படுத்துறாரு."

"அவர் யாருக்குக் குடுத்தாரு?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

எனக்குத் தெரியும். மேல்மாடி டியூஷன் டீச்சரின் சமையலறையிலிருந்து கொஞ்ச நாளாக ஒரு பாட்டு கேட்கிறது. நம் டிவியில் வராத ஒரு சமையல் போட்டியின் பாட்டு. மருந்துக்கடைக்காரரோ போன வாரம் முழுக்க, நான் சளிக்கு மாத்திரை கேட்டபோதெல்லாம் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, அது யாருடைய சர்வீஸ் என்று எனக்கே டென்னிஸ் விளக்கினார்.

டீச்சர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. அப்படி எதுவும் என் போனில் இல்லையே ஆன்ட்டி என்றாள். நான் அந்தப் போட்டியின் பாட்டை முணுமுணுத்தேன். போனைக் கொடுத்துவிட்டாள். அதை அணைத்து, அரிசி டப்பாவின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு இறங்கினேன். நடுவில் கேக் அக்கா வாசலில் நின்று தலையை ஆட்டினாள். இன்னும் திறக்கவில்லை. அவள் இடுப்பில் இருந்த குழந்தையும் அம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டியது.

மருந்துக்கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். நான் நேராக உள்ளே போய்க் கம்ப்யூட்டரின் ஒயரில் கை வைத்தேன். அவர் என் கையைப் பிடிக்காத குறை.

"அம்மா, பில் போட்டுட்டு இருக்கேன். என்ன ஆச்சு?"

டிவியைப் பிடுங்கிவிட்டேன், டீச்சரின் போனை அணைத்துவிட்டேன், இன்னும் அந்தப் பையனுக்கு இடம் கிடைக்கவில்லை, இதையும் பிடுங்கினால்தான் கிடைக்கும் என்றேன். மூச்சு வாங்கியது. எந்தப் பையன் என்றார். சொன்னேன். மேற்பார்வையாளர் வீட்டுக்குக் கிளம்புகிற நேரம், பெண்டாட்டி வாசலில் நிற்கிறாள், எல்லாம் சொன்னேன். வரிசையில் நின்றவர்களும் கேட்டார்கள். அவர் முகம் மாறிவிட்டது. அவர் போட்ட வி.பி.என்தானே எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

"அணைச்சா போதாதும்மா. பஸ்ல சீட்டுல துண்டு போட்டுட்டு டீ குடிக்க இறங்கிப் போற மாதிரி அது. ஆள் இல்லாட்டியும் துண்டு இருக்கும். உள்ள போய், வெளியேறுன்னு அழுத்தித் துண்ட எடுக்கணும்."

அப்படியானால் நான் இவ்வளவு நேரம் ஆட்களை மட்டும் இறக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். துண்டுகள் அங்கங்கே சீட்டில் கிடக்கின்றன. துண்டை எடுத்துவிட்டுப் போகிற பழக்கம் உள்ளவன் அந்த வெல்டர் ஒருவன்தான். அதனால்தான் அவன் சீட் போயிற்று.

அவர் பில்லை நிறுத்திவிட்டார். எதையோ திறந்தார், எதையோ அழுத்தினார். பச்சை விளக்கு அணைந்தது. கொஞ்சம் பொறுங்கள் என்று வரிசையைப் பார்த்துச் சொன்னார், ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை. நான் தெருவுக்கு வந்து நிமிர்ந்து பார்த்தேன்.

அந்த ஜன்னலில் நிழல் எழும்புகிறதா என்று பார்த்தவள் நான் மட்டுமல்ல. கடைக்காரரும் பக்கத்தில் வந்து நின்றார். பிடுங்கிய டிவி ஒயரைச் சுமந்துகொண்டு என் வீட்டுக்காரரும் பால்கனியில் நின்றார். ஏன் அதைச் சுமந்தார் என்று அவருக்கே தெரியாது. நான் கையை ஆட்டியதும் ஜன்னலில் நின்ற கேக் அக்கா போனில் வெல்டருக்கு எழுதிக்கொண்டே உள்ளே போனாள். மறுபடி முயற்சி செய் என்று எழுதியிருப்பாள்.

திரைச்சீலையில் வெளிச்சம் விழுந்தது. அவள் ஜன்னலுக்கு ஓடி வந்து, மேலே வாருங்கள் என்று இரண்டு கையாலும் கூப்பிட்டாள். நான் ஏறினேன். இந்த முழங்காலோடு அவ்வளவு வேகமாக ஏறியதில்லை.

டேப்லெட்டில் வெல்டர் இருந்தான். வேலை உடுப்போடு, முகத்தில் கரியோடு. பின்னால் கதவருகே, தோளில் பையை மாட்டிக்கொண்டு ஒரு மனிதர் நின்றார். அவர்தான் மேற்பார்வையாளராக இருக்க வேண்டும், காத்துக்கொண்டிருந்தார். கேக் அக்கா குழந்தையைத் தூக்கி எதிரே உட்கார வைத்தாள்.

குழந்தை பார்த்தது. நான் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். போட்டோவைத் திருப்பியதுபோல் திரும்பிவிட்டால் என்ன செய்வது. படம் ஒரு நொடி தடுக்கியது, பிறகு சீராக ஓடியது. வெல்டர் கையை அசைக்கவில்லை, காத்திருந்தான்.

குழந்தை தன் குட்டி உள்ளங்கையை நெற்றியில் வைத்து, மெதுவாகத் தாடைவரை இறக்கியது.

அவன் திரும்பி அந்தப் பை மாட்டிய மனிதரைப் பார்த்துக் கையால் ஏதோ சொன்னான். மனிதருக்குக் கைமொழி தெரியாதுபோல. அதனால் வெல்டர் தன் நெஞ்சைத் தொட்டு, விரலைத் தரையை நோக்கிக் காட்டினான். இங்கேயே. அது எனக்கே புரிந்தது. மனிதர் அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வெளியே போனார்.

அவர்கள் பேசட்டும் என்று எழப் போனேன். அவன் திரையிலிருந்து ஏதோ கேட்டான். கேக் அக்கா என்னைக் காட்டினாள். பிறகு இரண்டு கைகளையும் முகத்துக்கு முன்னால் சேர்த்து, திரைச்சீலையை விலக்குவதுபோல் விலக்கி, நடுவில் ஒரு கண்ணை வைத்து எட்டிப் பார்த்தாள்.

ஆக, அதுதான் என் பெயர்.

கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. வெல்டர் அதையே செய்தான்: திரையை விலக்கி, கண்ணை வைத்தான். பிறகு கையைத் தாடையிலிருந்து என்னை நோக்கி நீட்டினான். அது என்ன என்று மருமகள் முன்பே சொல்லிக் கொடுத்திருக்கிறாள். நன்றி. எனக்கு எப்படிப் பதில் சொல்வது என்று தெரியாமல், நானும் தாடையிலிருந்து கையை நீட்டினேன். நான்தான் சொல்ல வேண்டும். எத்தனை வருஷமாக எட்டிப் பார்த்திருக்கிறேன். பார்த்தது ஒருத்தருக்கு உதவியது என்று இதுவரை ஒருத்தர்கூட என்னிடம் சொன்னதில்லை.

மருமகள் ஒரு கன்னம் மரத்துப் போய் வீடு திரும்பினாள். நடந்ததைக் கேட்டாள். லேப்டாப்பைத் திறந்து, எல்லாக் கருவிகளையும் ஒரே அழுத்தில் இறக்கிவிட்டாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே துண்டை எடுக்க முடியுமாம், நான் ஏறி இறங்கியிருக்கவே வேண்டாமாம். பாஸ்வேர்டை மாற்றி, வெல்டருக்கு மட்டும் கேக் அக்கா வழியாக அனுப்பினாள். அப்புறம் எங்கள் டிவிக்கு ஒன்று, அவளுக்கு இரண்டு. ஐந்தாவது சீட்டை யாருக்கும் கொடுக்கவில்லை. வெல்டரின் போன் என்றைக்காவது உடைந்துபோனால் வேண்டியிருக்கும் என்றாள். பாதி வாய் அசையாததால் அன்றைக்கு அவள் பேச்சே தனி அழகாக இருந்தது. அவள் என் வீட்டுக்கு மருமகளாக வந்ததற்கு யாரிடம் நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நேராக அவளிடம் சொன்னால் சந்தேகப்படுவாள். அதனால் கஞ்சி ஆற்றிக் கொடுத்தேன்.

மருந்துக்கடைக்காரர் தன் பங்குக்குக் கேக் அக்காவின் டிவியிலிருந்தும் பழைய போனிலிருந்தும் தான் போட்ட சும்மா சரக்கையெல்லாம் எடுத்துவிட்டுப் போனார். டீச்சர் போனை அரிசி டப்பாவின் மேலிருந்து மறுநாள்தான் எடுத்தாளாம். சமையல் போட்டியில் யார் ஜெயித்தது என்று இப்போது என்னிடம் கேட்கிறாள், ஏதோ எனக்குத் தெரியும் என்பதுபோல. எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

காலையில் கேக் அக்கா பேக்கரிக்குப் போகும்போது குழந்தை அவள் தோளில் இருந்து எங்கள் பால்கனியைப் பார்க்கிறது. இரண்டு குட்டிக் கைகளால் திரையை விலக்கி, ஒரு கண்ணை வைக்கிறது. தெருவில் போகிறவர்களும் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். நான் திரைச்சீலையை நன்றாக விலக்கிக்கொண்டு வந்து நிற்கிறேன். என்னைக் கூப்பிடுகிற குழந்தையைக் காக்க வைக்கலாமா.